எடைக்கு விலை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் கழிவு வணிகமும் பிளாஸ்டிக் மறுசுழற்சியும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களுள் முன்னது பஞ்சாலைகளாலும் பின்னது ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. இவ்வூர்களைப் பற்றிய வரலாறுகள் கோயில் திருப்பணியையும் ஆலைகளின் தோற்றத்தையும் விடுதலைப் போராட்டத்தையும் விரித்துரைக்கும் அளவுக்கு, ஆலையின் பின்வாசலிலும் கடைத்தெருவின் கோடியிலும் தலைமுறைகளாக நடந்துவரும் கழிவு வணிகத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இன்று பிளாஸ்டிக் மறுசுழற்சி என்று புதுப்பெயரோடு பேசப்படும் தொழில், அரசாணையோடும் எந்திர விளம்பரத்தோடும் வந்து இறங்கியதன்று. அந்தப் பழைய வணிகத்தின் தராசுத்தட்டில் ஏறியே அது இவ்வட்டாரத்துக்குள் நுழைந்தது. கழித்த பொருளை எடை போட்டு விலை கொடுத்து வாங்கும் வழக்கம் எந்தப் பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொண்டதோ அது உருகி மீண்டும் பண்டமாயிற்று; தராசு முள்ளை அசைக்காத பிளாஸ்டிக் கண்மாய்க்கும் ஓடைக்கும் காட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னர் வந்த சட்டங்கள், திட்டங்கள், கண்டுபிடிப்புகள் எல்லாவற்றையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

கழிவுக்கு விலை உண்டு என்ற பாடத்தை இவ்வட்டாரம் பஞ்சிலிருந்து கற்றது. கரிசல் நிலத்துப் பருத்தி நெடுங்காலமாக இங்கிருந்து வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது; 1927-இல் விருதுநகரையும் தென்காசியையும் இணைத்த இருப்புப்பாதை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் சென்றதால் சரக்குப் போக்குவரத்து எளிதாயிற்று; 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபின் பருத்தி உள்ளூரிலேயே நூலாகத் தொடங்கியது. நூற்பாலை என்பது பஞ்சை நூலாக்கும் இடம் என்று மட்டும் கருதுவது அரைகுறைப் புரிதலாகும். பஞ்சைப் படிப்படியாகக் கழித்து, எஞ்சியதை நூற்கும் இடம் அது. பொதி பிரித்துத் தட்டித் தூசு நீக்கும் புளோ ரூமில் விதைத்துணுக்கும் இலைச்சருகும் கலந்த கழிவு விழும். கார்டிங் எனப்படும் சிக்கெடுப்பில் வேறொரு வகைக் கழிவு வரும். உயர்ரக நூலுக்காகக் கோம்பர் எந்திரத்தில் சீவும்போது நூற்றுக்கு 12 முதல் 20 பங்கு வரை குட்டை இழைகள் தனியே பிரிந்துவிடும். கடைசியில் நூற்புக் கதிரிலும் கோன் சுற்றுமிடத்திலும் அறுந்த நூல் சிக்குச் சிக்காகச் சேரும். இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சாக்கில் கட்டப்பட்டு, எடை போடப்பட்டு, வகைக்கேற்ற விலையில் விற்கப்பட்டன. கலந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் கடைசி வகையின் விலைதான் கிடைக்கும் என்பதை ஆலைக் கணக்கர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கோம்பர் கழிவின் கதை குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. உயர்ரக நூலுக்கு ஆகாத அந்தக் குட்டை இழை தூய்மையானது. காரத்தில் வேகவைத்து எண்ணெய்ப்பசை நீக்கி வெளுத்தால் நீரை உடனே உறிஞ்சும் மருத்துவப் பஞ்சாகிவிடும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியையும் காஸ் துணியையும் நெய்யும் ஊர்களாகப் பெயர் பெற்றவை. அத்துணி முறையான நூலில் நெய்யப்படுவது என்றாலும், அதனோடு சேர்த்துக் கட்டப்படும் பஞ்சுச் சுருள் ஆலைக்கழிவின் குழந்தை. இனி, கோம்பர் கழிவையும் பிற பஞ்சுக் கழிவையும் கொண்டு தடித்த நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் முறை 1967-இல் செக்கோஸ்லோவாகியாவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்து, பிற்காலத்தில் தமிழகத்து ஆலைகளிலும் பரவியது. கதிருக்குப் பதிலாக வேகமாகச் சுழலும் கிண்ணம் ஒன்றில் இழைகளை வீசி முறுக்கேற்றும் இம்முறை குட்டை இழையையும் ஏற்கும். ஆகவே ஒரு ஆலையின் கழிவு மற்றொரு ஆலையின் மூலப்பொருளாகும் தொடர் உருவாயிற்று. பிளாஸ்டிக் மறுசுழற்சி பேசப்படுவதற்கு முன்பே, வகை பிரித்த கழிவு என்பது ஒரு சரக்கு என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருந்தது.

ஆலைக்கு வெளியே, வீடுகளின் கழிவு வேறு வழியில் போயிற்று. தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் தெருத்தெருவாகக் கூவிவந்த வணிகர்கள் பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தனர். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தனர். பிற்காலத்தில் உடைந்த பிளாஸ்டிக்குக்கு வெங்காயமோ பூண்டோ உப்போ கொடுத்தனர். பணம் கைமாறாத இந்தப் பண்டமாற்றில் வீட்டுப் பெண்களே விற்பவர்களாக இருந்தனர் என்பதும், அடுப்படிக்கு உடனே உதவும் பொருளே விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதும் அவ்வணிகத்தின் நுட்பங்கள். இவர்கள் சேர்த்துவந்த சரக்கைப் பழைய இரும்புக் கடை எடைக்கு வாங்கிற்று. கடைக்காரர் வகை பிரித்துப் பெருநகரத்து மொத்த வணிகருக்கு லாரி ஏற்றினார். நகராட்சியின் குப்பை வண்டி தோன்றிய பிறகும் இத்தொடர் அறுபடவில்லை. விலையுள்ள பொருள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே வீட்டுவாசலில் பிரிந்துவிட்டது.

இத்தொடருக்குள் பிளாஸ்டிக் வந்து சேர்ந்த காலத்தைப் புரிந்துகொள்ள அதன் பொது வரலாற்றை ஓரளவு நினைவுகூர வேண்டும். பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தின் நார்த்விச் நகரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது; 1953-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்தில் உறுதியான பாலித்தீனைச் செய்யும் வழி கண்டார். இந்தியாவில் 1957-இல் பாலிஸ்டைரீனும், 1959-இல் கொல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் பாலித்தீனும் உற்பத்தியாயின; தமிழகத்தில் மேட்டூரில் 1967-இல் பி.வி.சி. உற்பத்தி தொடங்கியது. ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களைப் பொறுத்தவரை பிளாஸ்டிக் என்பது சோப்புப்பெட்டியாகவும் சீப்பாகவும் அறிமுகமாகி, குடமாகவே குடிபுகுந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடு நிலையான விருந்தாளியாக இருந்த மாவட்டத்தில், பித்தளைக்குடத்தின் கனமும் மண்குடத்தின் உடைவும் இல்லாத ஒரு பாத்திரம் பெண்களின் இடுப்புக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை இன்றைய பிளாஸ்டிக் எதிர்ப்பு எழுத்துகள் மறந்துவிடுகின்றன. குழாயடியில் வரிசை பிடிக்கும் வண்ணக் குடங்கள் தமிழ்நாட்டுத் தெருக்காட்சியின் பகுதியாகவே ஆகிவிட்டன.

குடம் விரிசல் விட்டால் அது உடனே கழிவாகிவிடவில்லை. பிளாஸ்டிக் குடத்தையும் வாளியையும் ஒட்டித் தருவோர் தெருவில் கூவிக்கொண்டு வந்தனர். சிறிய அடுப்பில் இரும்புப்பட்டையைக் காயவைத்து, விரிசலின் இரு விளிம்புகளையும் இளக்கி, அதே வகைக் குடத்தின் உடைந்த துண்டொன்றை உருக்கி மேலே தடவி, ஈரத்துணியால் அழுத்தி ஆறவிடுவது அவர்களின் முறை. எந்தப் பிளாஸ்டிக் எதனோடு ஒட்டும், எது ஒட்டாது என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். பாலித்தீன் பாலித்தீனோடுதான் கூடும் என்ற அந்த அறிவு பாலிமர் வேதியியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. சிறுதொழில் அளவிலான பிளாஸ்டிக் மறுபயன்பாட்டின் முதல் வடிவம் இதுவே என்று கொள்வதில் தவறில்லை. எந்திரமோ கட்டடமோ இல்லாமல், கழிவின் துண்டையே மூலப்பொருளாகக் கொண்டு, வாடிக்கையாளரின் வாசலிலேயே முடிந்த தொழில் அது.

ஒட்டுவதற்கும் ஆகாத குடம் பழைய இரும்புக் கடைக்குப் போனபோது, பஞ்சுக் கழிவின் விதியே அதற்கும் பொருந்தியது: கலந்த பிளாஸ்டிக்குக்கு மதிப்பில்லை. பிளாஸ்டிக் என்று ஒரே பெயரால் சுட்டப்படுபவை உண்மையில் வேறுவேறு பொருள்கள். குடமும் கேனும் உயரடர்த்திப் பாலித்தீன், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட உறுதியான வகை. பால் உறை தாழ்வடர்த்திப் பாலித்தீன். நாற்காலியும் உணவுப்பெட்டியும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். தண்ணீர்ப் புட்டி பெட் எனப்படும் பாலியெஸ்டர் வகை. குழாயும் சில செருப்புகளும் பி.வி.சி. தாழ்வடர்த்திப் பாலித்தீன் 110 டிகிரி செல்சியஸ் அளவிலும், உயரடர்த்திப் பாலித்தீன் 130 அளவிலும், பாலிபுரொப்பிலீன் 160 அளவிலும், பெட் 250-க்கு மேலும் உருகும். ஆகவே இவற்றை ஒன்றாக உருக்கினால் ஒன்று கருகும்போது மற்றொன்று கட்டியாகவே கிடக்கும். சிக்கிய துணுக்குகளோடு வார்க்கப்படும் வாளி முதல் வெயிலிலேயே பிளந்துவிடும்.

அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் 1988-இல் ஒன்று முதல் ஏழு வரையிலான எண்களை முக்கோண அம்புக்குறிக்குள் பொறிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் கடைக்கு வரும் உடைந்த துண்டில் எண் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் கையையும் காதையும் மூக்கையும் நம்பினர். விரலால் சுண்டினால் எழும் ஒலி, நகத்தால் கீறினால் விழும் தடம், மடக்கினால் வெளுக்கும் கோடு ஆகியவை முதற்கட்டச் சோதனைகள். ஐயம் தீராவிட்டால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போடுவர்: பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். அதிலும் தெளிவு கிட்டாதபோது ஒரு முனையைக் கொளுத்தி முகர்வர். பாலித்தீன் அணைந்த மெழுகுவத்தியின் மணத்தைத் தரும், பி.வி.சி. பச்சை விளிம்புள்ள சுடரோடு மூக்கை அரிக்கும் நெடியை விடும். அந்த நெடி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி என்பதையும், நாளெல்லாம் அதை முகர்வோரின் நுரையீரல் அதற்கு விலை கொடுக்கிறது என்பதையும் சொல்லாமல் இக்கலையைப் புகழ்வது நேர்மையாகாது. குறைந்த கூலிக்கு, பெரும்பாலும் கையுறையோ முகக்கவசமோ இன்றி இவ்வேலையைச் செய்தவர்களுள் பெண்களே மிகுதி.

பிரித்தபின் நடக்கும் வேலை எளிய வரிசையைக் கொண்டது. துண்டுகள் அரவை எந்திரத்தின் சுழலும் கத்திகளில் சிறு செதில்களாகும். காரச் சோடா கரைத்த நீரில் அலசப்பட்டு, வெயிலில் உலர்த்தப்படும். பின்னர் சூடேற்றிய உருளைக்குள் சுழலும் திருகுதண்டு அவற்றை உருக்கித் தள்ள, துளைத்தட்டின் வழியே இடியாப்பம் போல வெளிவரும் இழைகள் நீர்த்தொட்டியில் இறுகி, வெட்டுக்கத்தியில் குருணையாக விழும். இக்குருணையே புதிய பண்டத்தின் மூலப்பொருள். மறுசுழற்சிக் குருணையிலிருந்து வயல்களுக்கான கறுப்புக் குழாய், வாளி, கயிறு, நாற்றுப்பை, பூந்தொட்டி, மலிவான குடம் ஆகியவை செய்யப்பட்டன. பல நிறக் கழிவு ஒன்றுசேர்ந்தால் கிடைக்கும் அழுக்குப் பழுப்பை மறைக்கக் கரித்தூள் சேர்ப்பதே வழக்கமாதலால், இப்பண்டங்களுள் பெரும்பாலானவை கறுப்பாக இருக்கின்றன. கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து ஆயுளைக் கூட்டுவது எதிர்பாராத நன்மை. ஆயினும் ஒவ்வொரு முறை உருகும்போதும் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுவதால் பொருளின் வலு குறைகிறது. குடம் வாளியாகி, வாளி பூந்தொட்டியாகி, பூந்தொட்டி ஒன்றுக்கும் ஆகாததாகிவிடும் இந்த இறங்குமுகப் பயணத்தை முடிவற்ற சுழற்சி என்று அழைப்பது மிகைக்கூற்று. இரும்பையும் பித்தளையையும் போலப் பிளாஸ்டிக் முழுமையாகத் திரும்பி வருவதில்லை.

ராஜபாளையம் போன்ற ஆலை நகரத்துக்கு இத்தொழிலில் ஒரு தனிச்சாதகம் உண்டு. நூல்கோன்களைச் சுற்றும் பாலித்தீன் உறை, கோன்களை அடைக்கும் பாலிபுரொப்பிலீன் சாக்கு, பெட்டிகளை இறுக்கும் பட்டை, தேய்ந்துபோன பிளாஸ்டிக் பாபின் எனப் பஞ்சாலையும் நெசவுக்கூடமும் கழிக்கும் பிளாஸ்டிக் ஒரே வகையாகவும் சோறும் குழம்பும் ஒட்டாததாகவும் இருக்கும். இத்தகைய கழிவுக்கு எந்த ஊரிலும் வாங்குவோர் போட்டி போடுவர். மறுசுழற்சியின் இலாபம் பொருளின் வேதியியலைவிட அதன் தூய்மையில் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

இனி, தராசு ஏற்காத பொருளைப் பார்க்க வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் கைப்பிடியுள்ள மெல்லிய பை சுவீடன் நாட்டு செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்தது. அதற்கு 1965-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. 30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் 20 மைக்ரான் தடிமனும் உள்ள பை ஒன்று ஏறத்தாழ நாலரை கிராம் எடை கொண்டது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ சேர்க்க இருநூறுக்கும் மேற்பட்ட பைகளைக் குனிந்து பொறுக்கி, மண்ணும் எண்ணெயும் போகக் கழுவ வேண்டும். ஒரே ஒரு குடத்தை எடுத்தாலே அதைவிட எளிதில் காசு பார்க்கலாம் என்னும்போது எந்தப் பொறுக்குநரும் பைகளுக்காகக் குனியமாட்டார் என்பது ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியன்று, கூலிக் கணக்கு. கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த அந்தப் பை, விலையின்றி வந்ததால் விலையின்றியே போயிற்று. சாக்கடையில் அடைத்தது, கண்மாய் மடையில் சிக்கியது, மாட்டின் இரைப்பையில் தங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கே 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியான காட்டுக்குள், சதுரகிரி மலைக்கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மலையேறும் அடியவர்களின் கைகளோடு அது சென்றது. பிளாஸ்டிக் கொண்டுசெல்ல வனத்துறை தடை விதித்து, மலையடிவாரத்தில் பைகளைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

நடுவண் அரசின் விதிகள் இப்பையைத் தடிமனால் ஆள முயன்றன. 1999-ஆம் ஆண்டு விதிகள் 20 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை விலக்கியதோடு, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் உணவுப்பொருளைப் பொதிவதையும் தடை செய்தன. 2011-இல் வரம்பு 40 மைக்ரானாகவும், 2016-இல் 50 மைக்ரானாகவும், 2021 செப்டம்பர் இறுதியில் 75 ஆகவும், 2022 டிசம்பர் இறுதியில் 120 ஆகவும் உயர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால், தடித்த பை கூடுதல் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதால் இது முரணாகத் தோன்றும். உண்மையில் சட்டம் எட்ட முயன்றது பழைய இரும்புக் கடையின் தராசையே: பை கனத்தால் கடைக்காரர் அதை இலவசமாகக் கொடுக்கத் தயங்குவார், பொறுக்குநர் அதை எடுக்கத் தயங்கமாட்டார். தெருவணிகர் எந்த விதியும் படிக்காமல் அறிந்திருந்த உண்மையை அரசிதழ் வந்தடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 

தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய தடை 14 வகைப் பொருள்களை விலக்கியது. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த துணிப்பையைப் பஞ்சாலை நகரத்துக்கு அரசு நினைவூட்ட நேர்ந்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

மெல்லிய பைக்கு ஒரு பயனும் அதனால் ஒரு விலையும் கொடுத்த கண்டுபிடிப்பு ராஜபாளையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளேயே நிகழ்ந்தது. பஞ்சாலை அதிபர் கருமுத்து தியாகராசர் 1957-இல் மதுரையில் நிறுவிய தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கை ஏறத்தாழ 165 டிகிரி சூட்டில் உள்ள ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லின்மீது மெல்லிய பூச்சாகப் படிகிறது என்றும், அதன்மேல் ஊற்றும் தார் இறுகப் பற்றுவதால் மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுவதில்லை என்றும் காட்டினார். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே இவ்வகைச் சாலை போடப்பட்டது. 2006-இல் காப்புரிமை கிடைத்தது. 2013-இல் இந்தியச் சாலைப் பேராயம் இதற்கான நெறிமுறையை வெளியிட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிளாஸ்டிக்கைத் தாரோடு கலக்காமல் கல்லின்மேல் பூசியதே இம்முறையின் நுட்பம். இதற்குப் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் என்று நுணுகிப் பிரிக்க வேண்டியதில்லை. சூடேறினால் நச்சு வளியை விடும் பி.வி.சி.யை விலக்க வேண்டும். தராசு கைவிட்ட பொருளைத் தார்ச்சாலை ஏற்றுக்கொண்டது.

இதன் தொடர்ச்சியாகத் தமிழகத்தின் ஊரகப் பகுதிகளில் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் அரவை எந்திரங்கள் ஒப்படைக்கப்பட்டு, சாலைப் பணிக்குப் பிளாஸ்டிக் துகள் செய்து தரும் கூடங்கள் அமைந்தன. நோக்கம் நன்று, ஆனால் அமைப்பில் ஒரு பலவீனம் இருந்தது. பழைய இரும்புக் கடையின் சரக்குக்குப் பல ஊர்களில் பல வாங்குநர்கள் உண்டு. அரவைக்கூடத்தின் துகளுக்கோ சாலை போடும் துறையும் அதன் ஒப்பந்தக்காரரும்தான் வாங்குநர்கள். சாலைப் பணி நடக்கும் மாதங்களில் துகள் போதாது, மற்ற மாதங்களில் சாக்குகள் அடுக்கிக் கிடக்கும். கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கவும் மின்கட்டணம் செலுத்தவும் வேண்டிய முதல் அவற்றினுள் முடங்கிவிடும். எந்திரம் கொடுப்பதை உதவி என்று கணக்கெழுதிய திட்டங்கள், வாங்குநரை உறுதி செய்வதைத் திட்டத்தின் பகுதியாகக் கருதவில்லை. நெதர்லாந்து நாட்டு இளைஞர் டேவ் ஹாக்கென்ஸ் 2013-இல் தொடங்கிய ‘பிரீஷியஸ் பிளாஸ்டிக்’ இயக்கம், அரவை, இழைப்பு, அச்சுவார்ப்பு, அழுத்தவார்ப்பு ஆகிய நான்கு சிறு எந்திரங்களின் வரைபடங்களை யாரும் எடுத்துச் செய்யும்படி வெளியிட்டது. அதிலிருந்து உலகின் பல நகரங்களில் பட்டறைகள் முளைத்தன. கைவினை அழகுள்ள கிண்ணத்துக்கும் ஓட்டுக்கும் கூடுதல் விலை கொடுக்கும் நுகர்வோர் உள்ள இடங்களில் அவை நிலைத்தன. வாளியை விலை பேசி வாங்கும் சந்தையில் அதே வரைபடம் மட்டும் போதாது.

பஞ்சாலை நாட்டுக்கு மிகவும் பொருத்தமான மறுசுழற்சி வேறொரு பொருளில் வந்தது. தண்ணீர்ப் புட்டியின் மூலப்பொருளான பெட் முதலில் புட்டிக்காகக் கண்டறியப்பட்டதன்று; 1941-இல் மான்செஸ்டர் நகரத்துத் துணியச்சு நிறுவனமொன்றில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் அதை ஆடைக்குரிய இழையாகவே கண்டறிந்தனர். அது புட்டியானது 1973-இல் அமெரிக்கரான நதானியேல் வைத் பெற்ற காப்புரிமைக்குப் பிறகே. ஆகவே புட்டியைச் செதிலாக்கி, ஈரம் போக உலர்த்தி, உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக்கினால், அது பஞ்சாலை எந்திரம் ஏற்கும் பாலியெஸ்டர் பஞ்சாகிவிடுகிறது. தமிழகத்து ஓப்பன் எண்ட் ஆலைகள் இவ்விழையைப் பஞ்சுக் கழிவோடு கலந்து நூற்கின்றன. பின்னலாடை வெட்டுத்துணியைக் கிழித்து எடுத்த பஞ்சும் அதில் சேர்கிறது. கரூர் நிறுவனமொன்று புட்டியிலிருந்து செய்த துணியில் தைத்த மேலாடையை 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்தபோது இத்தொழில் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. பழைய இரும்புக் கடைகளிலோ நசுக்கிய புட்டிச் சாக்குகள் அதற்கு நெடுநாள் முன்பே கூரையை எட்டியிருந்தன. புட்டியை இழையாக்கும் ஆலைக்குப் பெருமுதல் வேண்டும். ஆனால் புட்டியைச் சேர்த்து, மூடியும் வில்லையும் நீக்கி, நிறம் பிரித்து, அழுத்திக் கட்டும் வேலை சிறுதொழிலுக்கு உரியது. வாங்குவோர் ஆண்டு முழுதும் இருப்பதால் அது தானாகவே நடக்கிறது.

இதற்கு நேர்மாறான பொருள் உண்டென்றால் அது பல அடுக்கு உறை. தென்மாவட்டத்து இனிப்பும் காரமும் ஒருகாலத்தில் பனையோலைக் கொட்டானிலும் இலையிலும் பொதியப்பட்டன. அவை மக்கி மண்ணாயின. வெளியூர்ச் சந்தையும் நீண்ட இருப்புக்காலமும் தேவைப்பட்டபோது பிளாஸ்டிக் டப்பாவும் ஒட்டிய உறையும் வந்தன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இன்று டப்பாவிலேயே தொலைதூரம் செல்கிறது. டப்பாவுக்குத் தராசில் இடமுண்டு. ஆனால் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் தின்பண்டப் பொட்டலத்தில் பாலித்தீனும் பாலியெஸ்டரும் அலுமினியப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால், அதைப் பிரிக்கும் கை எந்த ஊரிலும் இல்லை. இத்தகைய கழிவைத் தமிழகத்து உள்ளாட்சிகள் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புகின்றன. 1,400 டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் அது நிலக்கரிக்கு மாற்றாகிறது. ராஜபாளையத்துப் பஞ்சாலை முதலே பின்னர் சிமென்ட் தொழிலுக்குள்ளும் புகுந்து, விருதுநகரை அடுத்த ராமசாமி ராஜா நகரில் ஆலை நிறுவியது என்பதால், பஞ்சும் சிமென்டும் இவ்வட்டாரத்தில் ஒரே குடும்ப வரலாற்றைச் சேர்ந்தவை. எனினும் சூளையில் எரிப்பதை மறுசுழற்சி என்று எழுதுவது பொருந்தாது. அங்கிருந்து எந்தப் பண்டமும் திரும்பி வருவதில்லை, எரிபொருள் மிச்சமாகிறது, அவ்வளவே.

2022 பிப்ரவரியில் நடுவண் அரசு அறிவித்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறை, தாம் சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்குக்கு ஈடான எடையை முறையாகக் கையாண்டதற்கான சான்றிதழை நிறுவனங்கள் காட்ட வேண்டும் என்று விதித்தது. பல அடுக்கு உறையும் இதில் தனி வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது, தராசு மதிக்காத பொருளுக்கும் சட்டம் ஒரு விலையை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் அச்சான்றிதழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற கழிவுச் செயலாக்க ஆலைக்கே கிடைக்கும். தெருவில் வாங்கும் வணிகரும், வகை பிரிக்கும் பெண்ணும், சைக்கிள் கேரியரில் புட்டிச் சாக்கு கட்டிவருபவரும், அரவைக்கூடம் நடத்தும் மகளிர் குழுவும் அந்த ஏட்டில் இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகள் தம் எல்லைக்குள் பழைய இரும்புக் கடைகள் வழியாக வெளியேறும் பிளாஸ்டிக்கை எடையோடும் சேர்த்தவர் பெயரோடும் பதிந்து, பதிவு பெற்ற ஆலைக்கு ஒரே சரக்காக அனுப்பி, சான்றிதழ்த் தொகையில் ஒரு பங்கைச் சேர்த்தவர்களுக்குப் பெற்றுத்தர முன்வர வேண்டும். அதற்குப் புதிய எந்திரம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு பதிவேடும் ஒரு எடைமேடையும் போதும்.